போனில் பார்த்துவிட்டு வந்தவர்கள்

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துவது சுலபமான வேலை. குத்தி முடித்து ரிப்போர்ட்டை நீட்டுவதுதான் கஷ்டம்.

கச்சிராயபாளையத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, ஒரு உரக்கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் லேப். பதினெட்டு வருஷமாக இங்கே ரத்தம் எடுக்கிறேன். முன்னறையில் பெயர் எழுதி, சீட்டு கொடுத்து, வருகிறவர்களை பெஞ்சில் உட்கார வைப்பது வள்ளி. எங்கள் இருவருக்கும் முதலாளி ஒரே ஒரு சட்டம்தான் போட்டிருக்கிறார். எண்ணைச் சொல்லலாம், வியாதியைச் சொல்லக்கூடாது. யார் என்ன கேட்டாலும் "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். நாங்கள் சொல்லாததால் ஜனங்கள் போனைக் கேட்கிறார்கள்.

நீங்களும் கேட்டிருப்பீர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சில் லேசாக ஒரு குத்தல் எடுத்திருக்கும். சும்மா பார்ப்போமே என்று போனை எடுத்து, கால் மணி நேரத்தில் பிள்ளைகளின் எதிர்காலம் வரைக்கும் யோசித்துவிட்டு, ஏப்பம் வந்ததும் எழுந்து போயிருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம், நானும் அதே கூட்டம்தான். இங்கே சொல்லப்போவதில் முக்கால்வாசி சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. ஒன்று மட்டும் அப்படியில்லை. அதில் வள்ளியின் வீட்டுக்காரர் சாகக் கிடந்தார், அதில் எனக்கும் பங்கு உண்டு.

தடித்த எழுத்து

எங்கள் மெஷினுக்கு ஒரு பழக்கம் உண்டு. அளவுக்கு மேலேயோ கீழேயோ போன எண்ணை மட்டும் தடித்த எழுத்தில் அடித்துத் தள்ளும். டாக்டரின் கண்ணில் சட்டென்று பட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் ரிப்போர்ட்டை முதலில் பார்ப்பது டாக்டர் இல்லையே.

வடக்கனந்தலில் இருந்து ஒரு பெரியவர் வந்தார். சொந்த நிலம், சொந்தக் கரும்பு, இந்த வயதிலும் மடை திருப்ப அவரேதான் போவாராம். மகன் நச்சரித்ததால் வந்து ரத்தம் கொடுத்தார். ரிப்போர்ட்டில் ஒரே ஒரு எண் தடித்திருந்தது. ரத்த அணு கொஞ்சம் சிறிதாக இருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம், இரும்புச்சத்து கம்மியாக இருக்கிற பல பேருக்கு அப்படித்தான் வரும். அவர் மாடிப்படியிலேயே நின்று அதைப் போனில் தட்டியிருக்கிறார். கடைசிப் படிக்கு இறங்குவதற்குள் அது ரத்தப் புற்றுநோயாகிவிட்டது. வீட்டுக்குப் போனதும் இரண்டு மகன்களையும் உட்கார வைத்து எந்தப் பக்கம் யாருக்கு என்று நிலத்தைப் பிரித்துச் சொல்லிவிட்டாராம். போர்வெல் இருக்கிற பக்கம் தனக்கு வரவில்லை என்று சின்ன மருமகள் அழ, வீடு ரெண்டுபட்டுப் போனது.

நாலு நாள் கழித்துத்தான் டாக்டரிடம் போயிருக்கிறார். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதி, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். பிறகு எதற்கு எங்களிடம் திரும்பி வந்தார் என்று புரியாமல் பார்த்தேன். ரிப்போர்ட்டை மேஜைமேல் விரித்து, அந்த எண்ணின் மேல் விரலை வைத்து, குரலை இறக்கிச் சொன்னார்:

"டாக்டரு ஒன்னுமில்லன்னுட்டாரு மேடம், வூட்லதான் யாரும் நம்ப மாட்டேன்றாங்க. இத மட்டும் மத்ததாட்டம் மெல்லிசா அடிச்சிக் குடுத்துடுங்க."

எறும்பின் சாட்சி

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு மாட்டுவண்டியில் கரும்பு ஏற்றிப் போகிறவர் அவர். இங்கே மகள் வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு நாள் காலை இரண்டு பேர் அவரைத் தாங்கிப் பிடித்து மாடி ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கை வெடவெடவென்று ஆடியது. விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை நாற்பத்தாறு. அது கம்மி, ஆளைச் சாய்த்துவிடுகிற அளவு கம்மி. வள்ளி கீழே டீக்கடைக்கு ஓடி ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்து எடுத்து வந்தாள். குடித்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் அவருக்குப் பேச்சு வந்தது.

விஷயம் இதுதான். ஒண்ணுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்ததைப் பார்த்திருக்கிறார். மருமகனின் போனில் தேடினால், எறும்பு மொய்த்தால் சர்க்கரை வியாதி என்று ஒருவர் வீடியோவில் அடித்துச் சொல்லியிருக்கிறார். அன்றோடு சோற்றை விட்டார். மனைவிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சர்க்கரை மாத்திரையில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பத்து நாளாக இவரும் போட்டுக்கொண்டிருக்கிறார். கரும்பு வண்டியில் இருந்து இறங்கும்போது காலெல்லாம் சாறு ஒட்டியிருக்காதா என்று கேட்டேன். பிசுபிசுவென்றுதான் இருக்கும், ஒண்ணுக்குப் போகிற இடத்திலேயேதான் கால் கழுவுவேன் என்றார்.

மாத்திரையின் வேகம் மறுபடியும் சர்க்கரையை இறக்கலாம் என்பதால், அப்போதே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஒரு நாள் வைத்திருந்து பார்த்து, சர்க்கரை வியாதியே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டோவில் ஏற்றும்போது நான் சும்மா இருக்காமல், மாத்திரை போடுவதற்கு முன்னால் ஒரு தடவை டெஸ்ட் பண்ணியிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். அந்தச் சோர்விலும் மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டெஸ்ட் பண்றவங்களுக்கு லாபம் இருக்குதும்மா. எறும்புக்கு இன்னா லாபம், பொய் சொல்ல?"

எட்டு மணிக்கு வருகிறவர்

வள்ளியின் வீட்டுக்காரர் பெயர் கலியமூர்த்தி. டிராக்டர் ஓட்டுகிறார். கரும்பு சீசனில் வீட்டில் பார்க்க முடியாத மனிதர். போன கார்த்திகையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி என்று மூன்றையும் போனில் போட்டிருக்கிறார். டெங்கு என்று வந்தது. மழைக்காலம், ஊரெல்லாம் கொசு, யார் போட்டாலும் அப்படித்தான் வரும். நாலாம் நாள் காலை எட்டு மணிக்கு வள்ளியோடு வந்து கையை நீட்டினார். பிளேட்லெட் என்கிற தட்டணுவின் எண்ணிக்கை மட்டும் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றார்.

குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டியது, ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் இருந்தது. மறுநாளும் எட்டு மணிக்கு வந்தார். ஒரு லட்சத்துப் பத்தாயிரம். போனில் ஒவ்வொரு நாளின் எண்ணையும் குறித்து வைத்துக்கொண்டார். பப்பாளி இலையை அரைத்து மூன்று வேளை, நடுவில் நிலவேம்பு, இரண்டு மணிக்கு ஒரு தடவை இளநீர் என்று ஒரு ஒழுங்கோடு தன்னைத்தானே வைத்தியம் பார்த்துக்கொண்டார். குடித்துவிட்டுக் கிடக்கிற ஆளாக இருந்தால் திட்டலாம். இவ்வளவு பொறுப்பாக இருக்கிற மனிதரை என்ன சொல்வது?

நான் டெங்கு அட்டையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். இல்லை என்று காட்டியது. அதையும் போனில் தேடி என் முன்னால் நீட்டினார். அஞ்சு நாள் ஆகிவிட்டால் டெங்கு இருந்தாலும் அந்த அட்டை இல்லை என்றே காட்டலாம் என்று போட்டிருந்தது. அது நிஜம்தான், எனக்கும் தெரியும். அதனால் வழக்கமான வாக்கியத்தை, வழக்கமான குரலில் சொன்னேன். டாக்டர்கிட்ட காட்டுங்க. அவர் பஞ்சை முழங்கையில் அழுத்திப் பிடித்தபடி சிரித்தார்.

"டாக்டரும் இதே கவுண்ட்டதான் பாக்கப் போறாரு. அத நான் வூட்லருந்தே பாத்துக்கினு இருக்கேன்க்கா."

பாதிப் பக்கம்

அதே வாரத்தில்தான் கல்வராயன் மலையில் இருந்து ஒருவர் இறங்கி வந்தார். முழங்கால் வீங்கியிருந்தது. அவர்கள் ஊரில் போன் எல்லார் கையிலும் இருக்கிறது, சிக்னல்தான் இல்லை. ரோட்டில் ஒரு வளைவில் மட்டும் கிடைக்கும். யாருக்குப் பேசுவதானாலும் எல்லாரும் அந்த வளைவுக்கு நடந்து வந்து கையை உயர்த்திக்கொண்டு நிற்பார்கள். இவரும் வீங்கிய காலோடு அங்கே வந்து நின்று முழங்கால் வீக்கம் என்று தேடியிருக்கிறார். பக்கம் பாதி வந்தது. 'கவனிக்காமல் விட்டால்' என்ற இடத்தில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததாம். முக்கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, நேரே பஸ் ஏறி எங்களிடம் வந்துவிட்டார்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று என்னைக் கேட்டார். யூரிக் அமிலம் பார்க்க ரத்தம் எடுத்தேன். எண் ஜாஸ்தியாக இருந்தது. எண்ணைச் சொல்லிவிட்டு, டாக்டர்கிட்ட காட்டுங்க என்றேன். அது என்ன வியாதி, கால் போய்விடுமா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார். நான் மறுபடியும் அதையே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. காலைத் தூக்கி வைத்து மெதுவாகப் படி இறங்கியவர், பாதியில் நின்று திரும்பினார்.

"மேல சிக்னல் இல்லன்னு கீழ வந்தேன். இங்க ஆளே இருந்தும் நீங்க சொல்ல மாட்டேன்றீங்க."

வள்ளி சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று முழுக்க அந்தப் பேச்சு எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

நாற்பத்தோராயிரம்

ஆறாம் நாள் கலியமூர்த்திக்கு எண்பத்திரண்டாயிரம். ஏழாம் நாள் ஐம்பத்தெட்டாயிரம். அவர் கண்ணில் பயம் இருந்தாலும் ஒரு வகையான திருப்தியும் இருந்தது. எண்ணிக்கை இறங்க இறங்கத் தன் கணக்கு சரி என்று அவருக்கு உறுதிப்பட்டுக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் படுக்கப் போட்டுவிடுவார்கள், ஆலையில் இருந்து வெட்டு உத்தரவு வந்த கரும்பு, ஏற்ற ஆளில்லாமல் வயலிலேயே காயும் என்பது அவர் கவலை. வள்ளி கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் டாக்டரிடம் போகச் சொல்கிறவளின் பேச்சு அவள் வீட்டில் எடுபடவில்லை.

ஏழாம் நாள் எனக்கு ஒன்று தோன்றியது. டெங்குவாக இருந்தால் இந்நேரம் காய்ச்சல் விட்டிருக்க வேண்டும். இவருக்குக் கையைத் தொட்டாலே கொதித்தது. தோன்றியதே தவிர, வாயைத் திறக்கவில்லை. சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. பதினெட்டு வருஷம் வாயை மூடிப் பழகிவிட்டால், திறக்க வேண்டிய நேரத்திலும் அது திறக்காது. வீட்டுக்குப் போய் சோறு சாப்பிட்டுத் தூங்கியும் விட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

எட்டாம் நாள் அவர் படி ஏறவே சிரமப்பட்டார். பெஞ்சில் உட்கார்ந்து மேல்மூச்சு வாங்கினார். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. பெயரைக் கேட்டால் கொஞ்ச நேரம் யோசித்துச் சொன்னார். எண்ணிக்கை நாற்பத்தோராயிரம். ரிப்போர்ட்டை அவரிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "கலியமூர்த்தி, இது டெங்கு இல்லன்னு எனக்குத் தோணுது. டெங்குன்னா காய்ச்சல் இந்நேரம் எறங்கியிருக்கணும். இப்போ நீங்க ஆஸ்பத்திரிக்கு வரலன்னா பொழைக்க மாட்டீங்க" என்றேன். எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது. லேபைப் பூட்டினேன். ஆட்டோ வந்தது. நானும் வள்ளியும் அவரைக் கைத்தாங்கலாக இறக்கினோம். அப்போதும் அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கி எவ்வளவுன்னு சொல்லுங்கக்கா, குறிச்சிக்கினு வந்துடறேன்."

கயிற்றுக்குக் கீழே

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அன்று காய்ச்சல் பிரிவில் இருந்தது ஒரு இளம் டாக்டரம்மா. நான் அஞ்சு நாள் ரிப்போர்ட்டையும் வரிசையாக நீட்டினேன். அவர் அதை வாங்கி ஒரு தடவை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். சட்டையைக் கழற்றச் சொன்னார். அக்குளைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், கழுத்துக்குப் பின்னால் பார்த்தார். வேட்டியைத் தளர்த்தச் சொன்னார். கலியமூர்த்தி கூச்சப்பட்டு வள்ளியைப் பார்த்தார். டாக்டரம்மா காத்திருக்கவில்லை. இடுப்பில் இருந்த அரைஞாண் கயிற்றை விரலால் மேலே தள்ளினார். அதற்குக் கீழே உளுந்தளவுக்கு ஒரு கறுத்த பொருக்கு இருந்தது. சுற்றிலும் சிவந்திருந்தது.

இது எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். அர்ணா கயிறு உராய்ந்த புண்ணுதான், வலிகூட இல்லை என்றார் கலியமூர்த்தி. சமீபத்தில் புதர், காடு என்று எங்கேயாவது படுத்தீர்களா என்பது அடுத்த கேள்வி. வள்ளிதான் பதில் சொன்னாள். காய்ச்சலுக்குப் பத்து நாள் முன்னால் மரவள்ளிக் கிழங்கு ஏற்ற டிராக்டரை மலைக்கு ஓட்டிப் போனாராம். லோடு வரத் தாமதமானதால் ஒரு பகல் முழுக்க ரோட்டோரப் புல்லில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார். புல்லில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கடித்தால் வருகிற காய்ச்சல் இது, உண்ணிக் காய்ச்சல் என்பார்கள், தட்டணு இதிலும் இறங்கும் என்றார் டாக்டரம்மா. அந்தக் கறுப்புப் பொருக்குதான் பூச்சி கடித்த இடம். மருந்து சாதாரண மருந்துதான், ஆனால் எட்டு நாள் தாமதத்தில் நுரையீரல் வரைக்கும் போய்விட்டது. ரெண்டு நாள் போகட்டும், அதற்கு முன்னால் எதுவும் சொல்ல முடியாது என்று சொல்லி உள்ளே கொண்டுபோனார்கள்.

அந்த இரண்டு நாளும் நானும் வள்ளியும் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கியது. நர்ஸ் வெளியே வந்து அவர் கஞ்சி கேட்கிறார் என்று சொன்னதும் வள்ளி சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன்.

மூன்று வாரம் கழித்துக் கலியமூர்த்தி லேபுக்கு வந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார். இந்தத் தடவை டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வந்திருந்தார். தட்டணு இரண்டு லட்சத்துக்கு மேலே போயிருந்தது. போனில் அவ்வளவு தேடினீர்களே, அந்தப் புண்ணைப் பற்றி ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அது வியாதி இல்லீங்களே, கயிறு உராய்ந்தது எல்லாருக்கும் வருவதுதானே, அதை எதற்குப் போடுவது என்றார். தேங்காயெண்ணெய் தடவிவிட்டதே நான்தான் என்றாள் வள்ளி. பேனாவை உருட்டிக்கொண்டிருந்தவள், என்னைப் பார்க்காமலே மெதுவாகச் சொன்னாள்:

"போன மட்டும் கொற சொல்லி இன்னாக்கா ஆவப்போவுது? அத்தன நாளும் நாம அவரு கைய மட்டுந்தான பாத்துக்கினு இருந்தோம்."

டாக்டர் சட்டையைத் தூக்கிப் பார்ப்பார், போன் பார்க்காது. அந்த வசதிக்காகத்தான் நாம் எல்லாரும் முதலில் போனிடம் போகிறோம்.